வலப்பக்கத்துச் சன்னல்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
17.08.1992

எங்கள் அன்பு மகள் ஸ்ரெல்லாவுக்கு,

கொழும்பில் நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம்.

முதலில் தலைபோகிற விஷயம். திருச்சி விமானத்தில் எங்கள் கரை தெரிய இடப்பக்கத்துச் சன்னலைக் கேள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பிழை. வலப்பக்கம்தான் பிள்ளை.

பிழை வந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பாய். நாற்பது வருஷம் தோணியில் தண்டு வலித்தவன் நான். வலிக்கிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் இருப்பான். போகிற திசை முதுகுக்குப் பின்னால் கிடக்கும். வடக்கே போனால் கிழக்கு எனக்கு இடதுகைப் பக்கம். அந்தக் கணக்கிலேயே உன்னையும் விமானத்தில் இருத்திவிட்டேன். பலாலியிலிருந்து ஒருமுறை விமானத்தில் போய்வந்த சீவரத்தினம் மாஸ்ரரிடம் இதைச் சொன்னேன். "பிலிப்பண்ணை, பிளேனிலை ஆரும் பின்னுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறேல்லை" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கிழக்குப் பக்கம் என்று எழுதியிருந்தால் இந்த வில்லங்கமே இல்லை. உனக்குத் திசை பிடிபடாதே என்று பயந்தேன்.

மாஸ்ரர் நாளைக்குக் கிளாலிக் கடலால் வள்ளமேறிக் கொழும்புக்கு வருகிறார். இக்கடிதத்தை அவர் கையில்தான் கொடுக்கிறேன். 27ஆம் திகதி நீ விமானம் ஏறுமுன் உன்னிடம் சேர்ந்துவிட வேண்டும்.

அன்றைக்கு நேரத்தோடே போய், இருக்கை எழுதித் தருகிறவர்களிடம் வாய் திறந்து கேள். கோவிலில் கடைசி வாங்கில் ஒளிந்துகொள்கிற வெட்கத்தை அங்கே காட்டாதே. விமானத்தின் செட்டைக்கு நேரே இருந்தால் அந்த இறக்கையைத்தான் பார்க்கலாம். முன்னுக்கு இடம் கேள். விமானம் பின்னேரம் என்பது நல்லது. வெயில் மேற்கேயிருந்து விழும், கிழக்கே கண் கூசாது.

மாஸ்ரரின் தேசப்படத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். முதலில் மன்னார் தெரியும், கடலுக்குள் நாக்கு நீட்டினது போல. பிறகு மணல் திட்டிகள். அதற்கப்பால் தனியே கிடப்பது நெடுந்தீவு. நெடுந்தீவுக்குப் பின்னால் மெல்லிய கோடாக ஏதும் கண்டால், அது நாங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். மாதா மன்னிக்கட்டும். நீ வெளிக்கிட்ட அன்று அவள் வழியனுப்பப் படலைக்கு வரவில்லை என்று உனக்கு மனத்தாங்கல். அவளுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை. அன்று விடிய, குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் கேட்டு முற்றத்துப் பங்கர் குழிக்குள் இறங்கினவள், ஏறி வர முடியாமல் அங்கேயே இருந்துவிட்டாள். பிள்ளை அறிந்தால் புருஷனிடம் போகாமல் நின்றுவிடுவாள் என்று என் வாயைக் கட்டினாள். உன் பெயரைச் சொல்லி உள்ளே அழுதது எனக்குத்தான் கேட்டது. அதன் பிறகு அடுப்பையும் பங்கர் வாசலுக்கே கொண்டுபோய்விட்டாள். பூசைக்கும் போவதில்லை. உழவு மெசின் இரைந்தாலும் உள்ளே போய்விடுகிறாள்.

போன கிழமை கேட்டாள், "பிள்ளை எங்கடை கரையைக் காணுவாளோ?" என்று. ஓம், ஆனால் அது வெகு தூரத்தால் போகிற விமானம், எங்களுக்கு அதன் சத்தமும் கேளாது என்றேன். "சத்தம் கேளாட்டி நான் வெளியிலை நிண்டு பாப்பன்" என்றாள்.

அன்று தொடங்கி ஒவ்வொரு பின்னேரமும் ஏறி வருகிறாள். முதல்நாள் கிணற்றடி மட்டும். நேற்றுப் படலை வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். 27ஆம் திகதிக்குள் கடற்கரைக்கு வந்துவிடுவாளாம்.

இதை வாசித்துவிட்டு அங்கே நின்றுவிடாதே. மருமகன் அடைக்கலநாதன் இரண்டு வருஷமாகத் திருச்சியில் தனியே கிடக்கிறார், அவரிடம் போய்ச் சேர். மேகம் மூடியிருந்தாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிரு. கரை தெரியாவிட்டாலும், தெரிந்தது என்றே அம்மாவுக்கு எழுது மகளே.

எங்கள் இருவரின் ஆசீரும் உன் தலைமேல் இருக்கும்.

அப்பா,
செ. பிலிப்பு