காபிக்கு முன் திருப்பிய திருகாணி

சாந்தோம்,
1938 நவம்பர் 24.

அன்பும் மரியாதையும் உள்ள பியாட்ரிஸ் அண்ணிக்கு லூயிசா எழுதிக்கொள்வது.

நேற்று மாலை செபமாலை முடிந்ததும் நம் குடும்பம் கூடி ஒரு பெரிய முடிவு எடுத்தது. இனிமேல் லாரி நிற்கும்போது இஞ்சினை அணையாமல் ஓடவைக்கும் சிறிய திருகாணியை, காலைக் காபி குடித்து, இஞ்சின் சூடேறிய பிறகே தொடுவது என்று தீர்மானம். குடும்பம் என்பது இப்போது அண்ணனும் நானும் மட்டுமாதலால், எதிர்ப்பின்றி நிறைவேறியது. அப்பா காலம் தொட்டு, வீட்டுக்குக் கால்கோள் விழாவோ பெண் பார்க்கப் போவதோ, எந்த நல்ல காரியமானாலும் முதல் பூசைக்குப் பின், காபிக்கு முன் என்பதுதான் இந்த வீட்டுச் சட்டம். நீங்கள் அறியாததல்ல. அந்தச் சட்டம் நேற்றோடு ரத்தானது.

காரணத்தை அண்ணன்தான் உங்களுக்கு எழுதவேண்டும். "அன்புள்ள பியாட்ரிஸ்" வரை எழுதுகிறார், பிறகு எழுந்துபோய்க் கிணற்றடியில் நிற்கிறார். ஆகவே நான் எழுதுகிறேன். உங்கள் தாயாரின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நாகப்பட்டினத்திலும் மழைதானா?

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன். அப்போதுதான் எங்கள் புத்தியின் அழகு விளங்கும். லாரி காலையில் நம் வாசலில் நன்றாகத்தான் ஓடும். திருவான்மியூரில் சுண்ணாம்பு ஏற்றித் தியாகராய நகருக்குத் திரும்பும்போது இஞ்சின் சூடேறிவிடும். அதன்பின் எங்கே நிறுத்தினாலும் ஓட்டம் குறைந்து, குறைந்து, அணைந்தேபோகும். உங்கள் தம்பி லாசர் இறங்கி, இரும்புக் கைப்பிடியைச் சுற்றி மறுபடி கிளப்புவார். மறுநாள் அண்ணன் பூசை முடிந்து வெறும் வயிற்றோடு வந்து திருகாணியைத் திருப்புவார். அந்த நேரத்தில் இஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்திருக்கும். தானாக ஓடிக்கொண்டிருக்காது. அதனால் ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும் கைக்குமிழை வெளியே இழுத்து, எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாக விட்டு ஓடவைப்பார். அது கணீரென்று ஓடும். தன் கைராசியை மெச்சிக்கொண்டு காபிக்கு வருவார். மாலையில் லாரி அணைந்த சேதி வரும். மறுநாள் திருகாணி எதிர்ப்பக்கம் திரும்பும்.

இப்படியே போனதில், பிழை இஞ்சினில் இல்லை என்று அண்ணன் கண்டுபிடித்தார். பள்ளியில் கணக்குப் பாடம் சொல்கிறவரல்லவா? காலையில் நம் வாசலில் லாரி நன்றாக ஓடுகிறது. திருவான்மியூர் போனால் ஓடவில்லை. நம் வாசலுக்கும் திருவான்மியூருக்கும் நடுவே இருப்பது லாசர். ஆகவே லாசர் வழியில் டீசல் எண்ணெயை விற்றுவிட்டு வேறு எதையோ கலக்கிறார். இதை என்னிடம் சொல்லிக் காட்டி, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணி, இதை நீங்கள் இதுவரை அறிந்திருக்க மாட்டீர்கள். நான்தான் இல்லை என்றேன்.

மற்றது உங்கள் கண்முன் நடந்தது. வாசலில் தெருவே பார்க்க அண்ணன் கேட்டதும், லாசர், "இன்னா மாமா இது? எங்கக்கா வாழற வூட்டு வண்டியில நான் கைய வெப்பனா?" என்றதும், சாவியை நடைப்படியில் வைத்துவிட்டுப் போனதும். நீங்கள் உள்ளே போய்ப் பெட்டியை மூடினீர்கள். நான் அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தேன்.

நீங்கள் போனபின் அண்ணனே லாரியை ஓட்டத் தொடங்கினார். எண்ணெயைத் தன் கையால் ஊற்றி, மூடிக்குப் பூட்டும் போட்டார். போன சனிக்கிழமை அடையாற்றில் எனக்கு ஒரு வேலை இருந்ததால் நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். திரும்பும்போது பாலத்தின் நடுவில் மாட்டுவண்டிகள் மறித்தன. அண்ணன் நிறுத்தினார். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது.

மீன்கூடையோடு வந்துகொண்டிருந்த குப்பத்துத் தேசம்மா நின்று லாரியைச் சுற்றிப் பார்த்தாள். "இன்னா வாத்தியாரே, இன்னிக்கி எண்ணெய யாரு குடிச்சது? உம் மச்சான்தான் ஊர்லயே இல்லியே!" என்றாள். பாலத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருபுறமும் ஆறு. இறங்கிப் போகவும் இடமில்லை.

எங்களுக்குப் பின்னால் சிந்தாதிரிப்பேட்டை ஹனீஃபாவின் லாரி. நம் தொழிலில் நமக்குப் போட்டிக்காரர், ஊரிலேயே நல்ல லாரி தம்முடையது என்று தாமே சொல்லித் திரிகிறவர். ஹாரன் அடித்து அலுத்து இறங்கி வந்தார். இஞ்சினைக் கிளப்பச் சொன்னார், அது அணையப் போவதைப் பார்த்தார், திருகாணியை எப்போது திருப்புகிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் நம் வீட்டுச் சட்டத்தை விளக்கினார். பூசை, காபி எல்லாவற்றையும். ஹனீஃபா பொறுமையாகக் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயோ வாத்தியாரே! குமிழ இஸ்துகினு திருகாணியத் திருப்பினா அதுக்கு இன்னா தெரியும்? அப்போ இஞ்சினத் தாங்கறது குமிழு. சூடானப்புறம் குமிழ உள்ள தள்ளிடறீங்களா, அப்போதான் திருகாணி தாங்கணும். அத நீங்க எங்கியோ கொண்டுபோய் வுட்டு வெச்சிகிறீங்க. சூட்டுலதான் திருப்பணும், நைனா" என்றார். குமிழை உள்ளே தள்ளியபடியே திருகாணியைத் திருப்பினார். இஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. அணையவே இல்லை. பிறகு, "இதுக்கா அந்தப் புள்ளையத் தொரத்தினீங்க?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் தேசம்மா கேட்டுவிட்டாள்.

அண்ணன் இரவு சாப்பிடாமல் அடுப்படியில் வந்து நின்று, "லாசர் எடுக்கவில்லை" என்றார். குற்றம் சாட்டியது வாசலில், தெரு முழுவதும் கேட்க. அதைத் திரும்பப் பெற்றது அடுப்படியில், நானும் பூனையும் கேட்க. ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டதும் கோயில் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். மாணவர்களின் பெற்றோர் இருப்பார்களே என்றார். மாதா திருநாள் கழியட்டும், நாகப்பட்டினத்துக்கே வந்து லாசரின் கையைப் பிடித்துக் கேட்கிறேன் என்கிறார். உண்மையாகத்தான் சொல்கிறார். உண்மையைத் தள்ளிப்போடுவதும் அவருக்கு வரும்.

அண்ணி, உங்களைத் திரும்பி வாருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. உங்கள் அலமாரியை நான் திறக்கவில்லை. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். லாசரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். இல்லை என்று நான் சொன்ன இடத்தையும் விடாமல் படியுங்கள். தேவமாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. எங்களையும் மன்னிக்கும்படி உங்கள் மனதை நடத்துவாளாக.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
லூயிசா.

பின்குறிப்பு: மாதா திருநாளுக்குச் சப்பரம் தூக்குகிறவர்களை நேற்றுக் கோயிலில் அறிவித்தார்கள். ஆண்டுதோறும் லாசர் தூக்கும் முன்கொம்பில் இம்முறை அவருக்குப் பதிலாகப் பவுல்சாமியை நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணன் அடுப்படியில் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை.