கார் ஓட்டியது யார்?

அன்புள்ள லியானுக்கு,

மற்றதைப் பிறகு படி. நீ போய் இறங்கிய ஊரின் பெயர் டேரனுக்குத் தெரிந்துவிட்டது. தெரு தெரியாது, வீடு தெரியாது, ஊர் மட்டும்தான். நீயும் குழந்தை மேடியும் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால், இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தரும் பெண்ணிடம் இப்போதே சொல்லி வேறு ஊருக்கு மாறிவிடு. எங்கே போகிறாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ அறிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவன் கண்ணில் படாமல் உனக்குக் கடிதம் அனுப்ப இப்போதுதான் வழி கிடைத்தது.

என் காரை எடுத்துக்கொண்டு நீ கிரிம்ஸ்பியை விட்டுப் போன அன்று, உங்களை அழைத்துப் போக வருகிற பெண்கள் காப்பகத்து ஆட்களுக்காக அந்தக் கடைகளின் கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் காத்திருந்தாய் அல்லவா? பணம் செலுத்தும் இயந்திரம் கார்டைத் தவிர வேறெதையும் வாங்காதாம். உன் கார்டை டேரன் முடக்கி வைத்திருந்தானாம். மறுநாள் காரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட பெண் சொன்னாள். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன். ஒரு மாதம் போல ஆன பிறகு அபராதக் கடிதம் வந்தது. கார் என் பெயரில் இருப்பதால் எனக்கு. நுழைவாயில் கேமரா எடுத்த படம், ஊர்ப் பெயர், தேதி எல்லாம் இருந்தது. பணத்தைக் கட்டு, இல்லையென்றால் ஓட்டியது யார் என்று சொல் என்று கேட்டிருந்தார்கள்.

கட்டித் தொலைத்திருக்கலாம். ஆனால் இடுப்பு ஆபரேஷனிலிருந்து என் வங்கிக் கணக்கை, பெற்ற பிள்ளையாயிற்றே என்று விட்டதில், டேரன்தான் அவன் போனில் பார்த்து வந்தான். ஒரு பவுண்டு போனாலும் எதற்கு என்று கேட்பான். நீ ரயிலில் போய்விட்டாய் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லியிருக்கலாம்தான். மனசு ஒப்பவில்லை. கட்டுப்போட்ட கையோடு, பசித்த குழந்தையோடு நீ அங்கே உட்கார்ந்திருந்ததற்கு ஒருவன் காசு கேட்கிறான் என்றால் எப்படிக் கொடுப்பது?

ஆலோசனை மையத்துக்குப் போனேன். அங்கே ரோவீனா என்ற பெண் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது லேட்டா வந்திருக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தாதான் கார் சொந்தக்காரங்க தலையில கட்ட முடியும். இனிமே ஓட்டுனவங்களைத்தான் கேக்கலாம். அது யாருன்னு நீங்க வாயைத் திறக்காத வரைக்கும் அவங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். இந்த வயதில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குப் பாடம் வேண்டாம் என்றேன். அவளே ஆட்சேபக் கடிதம் எழுதித் தந்தாள்.

கார் நிறுத்துமிடத்தை நடத்தும் நிறுவனம் அதை ஏற்கவில்லை. மேல்முறையீடு செய்தோம், அங்கேயும் தள்ளிவிட்டார்கள். பிறகு வசூல்காரர்களின் மிரட்டல் கடிதங்கள் வர ஆரம்பித்தன. தபால்காரர் வருவதும் டேரன் மத்தியானம் சாப்பிட வருவதும் ஏறத்தாழ ஒரே நேரம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பேன். வாசல்கதவுத் துவாரத்தில் தபால் விழும் சத்தம் கேட்டதும் பொறுக்கி எடுத்து ஏப்ரனுக்குள் செருகிக்கொள்வேன். கடைசியில் நீதிமன்றக் காகிதம் வந்த நாளில் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால், அவன் சமையலறை மேசையில் அதைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

கத்தவில்லை. முழுதும் தின்று முடித்தான். "அன்னிக்கு கார் எங்கம்மா இருந்துச்சு?" என்றான். படத்தில்தான் இருக்கிறதே என்றேன். அவன் கத்தாவிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

"சாவி குடுத்தது நீதான்னு தெரிஞ்சுபோச்சு. போகட்டும், அவ பேரை மட்டும் ஜட்ஜுகிட்ட சொல்லு. அவ எங்க இருக்கான்னு அந்தக் கம்பெனிக்காரனே தேடிக் கண்டுபிடிப்பான். கோர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அழைத்தும் போனான். வழியெல்லாம் என் சீட் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

டி.வி.யில் பார்க்கிற மாதிரி இல்லை, ஆபீஸ் மாதிரி சின்ன அறை. ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் நீதிபதி. நிறுவனத்தின் சார்பில் ஒரு வாலிபன். டேரன் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். அவன் முழங்கால் என் நாற்காலியில் இடித்துக்கொண்டே இருந்தது.

"கார் ஓட்டினது நீங்களா?" என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன்.

"யாருன்னு தெரியுமா?"

தெரியும் என்றேன். முழங்கால் நின்றுவிட்டது.

"சொல்ல விரும்புறீங்களா?"

"இல்லைங்க."

தெரிந்தே மறைக்கிறார் என்று வாலிபன் எழுந்தான். முதல் கடிதம் எப்போது அனுப்பினீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவன் காகிதங்களைப் புரட்டினான், மறுபடியும் புரட்டினான். "அப்போ நீங்க ஓட்டினவங்களைத்தான் கேக்கணும். அது யாருன்னு இவங்க சொல்லியே ஆகணும்னு சட்டம் இல்ல" என்று சொல்லி, வழக்கைத் தள்ளுபடி செய்தார். பாதிதான் என் காதில் விழுந்தது. என் கவனமெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வெளியே கார் பக்கத்தில் வைத்து, "நீ என்னைப் பெத்தவதானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கையை ஓங்கினான். படியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததும் இறக்கிக்கொண்டான். என் கைத்தடி உள்ளே இருக்க, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பிவேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து பஸ் ஏறினேன்.

பூட்டை மாற்றிவிட்டேன். வங்கியிலும் சொல்லி அவன் பெயரை எடுத்தாகிவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை வருகிறான். தபால் துவாரத்தைத் திறந்து, அம்மா, உன் பிள்ளைதானே என்கிறான். ஒரு நாள் அழுதான். எழுந்து கதவுவரை போய்விட்டேன், அதை உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் கதவைத் திறக்கவில்லை.

மேடிக்குப் பல் விழுந்துவிட்டதா? உன் கை முழுதாக மடங்குகிறதா? கேட்கிறேனே தவிர, பதில் எழுதாதே.

ஒன்றே ஒன்று. எனக்கு உடம்பு முடியவில்லை, சாகக் கிடக்கிறேன், உன்னையும் குழந்தையையும் ஒரு தடவை பார்க்க ஆசைப்படுகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நம்பாதே. அப்படி நான் சொல்லி அனுப்ப மாட்டேன். நிஜமாகவே சாகக் கிடந்தாலும் சொல்லி அனுப்ப மாட்டேன். நீ வராதே.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள், கண்ணு.

இப்படிக்கு,
உங்கள் நினைவாகவே இருக்கும்
நோரீன்