பாலத்தில் கால் வைக்கக்கூடிய ஒரே நாள்

முதலில் ஒரு கெஞ்சல். இந்தத் தாள் என் தலையணை உறைக்குள்ளிருந்து யார் கையிலாவது சிக்கினால், தயவுசெய்து அம்மாவிடம் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். இது உங்களுக்கு எழுதியது இல்லை. செத்துப்போன என் அக்காவுக்கு எழுதியது. மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

என் ஆசை அக்கா,

விடிந்தால் உன் ஆட்டைத் திவசம். நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டதாம். விடியும் முன்பே பாலத்தில் அந்தப் பெரிய ஓட்டமும் நடக்கிறது. இரண்டும் ஒரே காலையில். இப்படி வந்து விழும் என்று நீ நினைத்திருப்பாயா? நான் நினைக்கவேயில்லை.

நம் தீவிலிருந்து அக்கரைக்குக் கடல்மேல் போகும் அந்தப் பாலத்தில் மனிதர் நடக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். காரில் போகலாம், லாரியில் போகலாம், நிற்கக்கூடாது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் வண்டிகளை நிறுத்திவிட்டு ஓடுகிறவர்களை விடுகிறார்கள். பாலம் திறந்த புதிதில் அப்பா நம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாய்.

"அப்பா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. கடலைப் பாக்கோணும்."

"நிப்பாட்டினால் போலீஸ்காரன் பிடிப்பான். தலையை உள்ளுக்கு எடு."

"அப்ப நான் ஒரு நாளைக்கு ஓடியே போவன். இந்த ஆமைக்குஞ்சையும் இழுத்துக்கொண்டு போவன்."

ஆமைக்குஞ்சு நான்தான். எல்லாவற்றிலும் மெதுவாக இருப்பதால் நீ வைத்த பெயர். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

பீச் ஸ்ட்ரீட் அலுவலகத்தில் வாங்கிய முதல் சம்பளத்தில் நீ ஓட்டச் சப்பாத்து வாங்கினாய். வேலை விட்டு வந்ததும் தண்ணீர்மலைக்குப் போய் ஓடினாய். போன வருஷத்து ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாய். ஒரு மாலை மழையில் நனைந்து வந்தாய். இரண்டு நாளில் காய்ச்சல். ஓட்டத்துக்குச் சில நாள் முன்பு நீ இல்லை.

டாக்டர் கொசுக்காய்ச்சல் என்றார். அம்மா இன்றுவரை நம்பவில்லை. "டாக்டருக்கு என்ன தெரியும்? மழையில ஊறி வந்து நிண்டவளின்ர தலையை நான்தானே துவாய் எடுத்துத் துடைச்சனான்" என்கிறார். ஓடியதால்தான் நீ செத்தாய் என்று இந்த வீட்டில் முடிவாகிவிட்டது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக்கூட என்னை அனுப்புவதில்லை. மழை தூறினால் அம்மா வாசலுக்கு வந்து நான் எங்கே என்று பார்க்கிறார். அம்மா சொல்வதுதான் சரியோ என்று சில இரவுகளில் எனக்கும் பயம் வரும். நீயே சொல்லு அக்கா, கொசுவா, மழையா?

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் இப்போது அக்கரையிலுள்ள கெப்பாலா பத்தாஸ் அலுவலகத்துக்குப் பாலத்தின் வழியாகப் போவதில்லை. ஃபெர்ரியில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கிறார். நேரம் எவ்வளவோ கூடுதல். ஏன் என்று மாமா கேட்டதற்கு, "ஃபெர்ரியில காத்து நல்லா வருது" என்றார். எனக்குக் காரணம் தெரியும்.

உன் சாம்பலைக் கரைக்கப் போன அன்று நானும் படகில் வருவேன் என்று அழுதேன். பொம்பிளைப் பிள்ளைகள் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் போகவில்லை. அப்பாவும் மாமாவும் மட்டும் ஜெலுத்தோங்கில் ஒரு மீன்காரருடைய படகில் போய் வந்தார்கள். அப்பாவின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. பல நாள் கழித்து, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, அக்காவை எந்த இடத்தில கரைச்சனீங்கள்?"

அவர் பேப்பரை இறக்கவில்லை. "பாலத்துக்குக் கீழ. நடுவில."

"எப்பிடி இருந்தது?"

"தண்ணி பிள்ளை. தண்ணி எப்பிடி இருக்கும்? போய்ப் படி."

அவ்வளவுதான். உன்னோடு ஒரே அறையில் படுத்தவள் நான். நீ போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. கரையில் நின்றால் பாலம் ஒரு கோடாகத் தெரிகிறது. ஃபெர்ரி அந்தப் பக்கம் போவதில்லை. காரில் போனால் நிறுத்த முடியாது. அந்த ஒரே நாளில் ஓடிப்போனால்தான் முடியும். எனக்கு மெடல் வேண்டாம். முழுவதும் ஓடவும் வேண்டாம். நடுவில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு தடவை பார்க்க வேண்டும். காவலர் விசில் அடித்தால் மறுபடி ஓடத் தொடங்குவேன்.

அதனால்தான் அக்கா, பெயர் கொடுத்தேன். என் வகுப்புச் சாந்தியை நீ பார்த்திருக்கிறாய், அந்த நீளப் பின்னல்காரி. அவளும் அவளுடைய அண்ணனும் ஓடுகிறார்கள். அவர்தான் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். டியூஷன் என்று சொல்லிவிட்டுப் பள்ளித் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பழகினேன். முதல் நாள் வாந்தி எடுத்தேன். சாந்தி முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "நீ ஓடுறியா நடக்குறியான்னு புல்லுக்கே தெரியல லா" என்றாள். ஆனாலும் என்னைவிட்டு முன்னால் ஓடமாட்டாள். பக்கத்திலேயே வருவாள்.

நாளைப் பற்றி நான் கவலைப்படவேயில்லை. அங்கேதான் முட்டாள் ஆனேன். நீ போன தேதியைச் சுவர்க் கலண்டரில் பார்த்தேன். இந்த வருஷம் ஓட்டத்தை முன்னதாகவே வைத்துவிட்டதால், அது முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆன பிறகுதான் அந்தத் தேதி வருகிறது. அதற்குள் போய் வந்துவிடலாம், அதன்பிறகு திவசத்துக்கு அம்மாவுக்கு உதவி செய்யலாம் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். நம் வீட்டில் செத்தவர்களுக்குச் சுவர்க் கலண்டர் கிடையாது என்பதை மறந்துபோனேன்.

போன வாரம் சாப்பிடும்போது அப்பா சொன்னார். "ஐயர் பஞ்சாங்கம் பாத்திட்டார். திதி வாற ஞாயிறு."

"அக்காட நாள் அது இல்லையே அப்பா. இன்னும் இருக்கே."

"அது இங்கிலீஷ் தேதி. திதி முன்னுக்குத்தான் வரும்."

"ஞாயிறா வந்ததும் நல்லதுதான்" என்றார் அம்மா. "ஒருத்தரும் லீவு எடுக்கத் தேவையில்லை. பிள்ளை, நீ விடியவே முழுகிப்போட்டு எனக்குப் பக்கத்தில நிக்கோணும். அவளின்ர உடுப்புச் சாமானெல்லாம் உன்ர கையாலதான் குடுக்கிறது."

உன் சாமான் எல்லாம் போகிறது அக்கா. திவசம் முடிந்ததும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குக் கொடுக்கிறார்கள். உன் பாவாடைகள், கைப்பை, குடை, அந்தச் சப்பாத்தும்தான்.

சாந்தியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க சிலோன்கார வீட்டுல எல்லாத்துக்கும் ஐயருதான் டைம் போடுவாரா?"

"திதி அப்பிடித்தான் வரும் சாந்தி."

"உங்கம்மாகிட்ட நேரா சொல்லேன். அக்காவப் பாக்கத்தான் போறேன்னு சொல்லு."

"சொன்னா அம்மா அழுவா."

"அழட்டும். நீ தினமும் அழுறியே, அது பரவால்லையா?" பிறகு குரலை இறக்கி, "எங்கண்ணன் கெரெத்தாவ டத்தோ கிராமாட் சந்தியில நிறுத்துவாரு. நாலரைக்கு. என்னால கொஞ்ச நேரந்தான் அவரப் பிடிச்சு வைக்க முடியும். வா லா, மாலா. ப்ளீஸ்" என்றாள்.

அவளுடைய அண்ணன் காரில் வருகிறேன் என்று தலையாட்டினேன். எப்படி என்று தெரியாமலே தலையாட்டினேன்.

இன்று மாலை இன்னொன்று நடந்தது. கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். மாமா குடும்பம் அக்கரையிலிருந்து நாளைக் காலையில்தான் வருவதாக இருந்தது. இருட்டும் முன்பே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

"நாளைக்கு விடியப் பாலத்தை மூடிப்போடுவாங்கள். ஓட்டமாம்" என்றார் மாமா. "ஃபெர்ரியில சனம் நெரிபடும். அதுதான் இண்டைக்கே வந்திட்டம்."

"ஓடி என்னத்தைக் காணப்போறாங்களோ" என்றார் அம்மா.

அப்பா எழுந்து போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தார்.

இப்போது மாமா முன்கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். அவருடைய குறட்டை இங்கே கேட்கிறது. கேட்டுச் சாவி அப்பாவின் தலைமாட்டில். பின்பக்கம் போகலாம் என்றால் குசினியில் அம்மாவும் மாமியும் இன்னும் படுக்கவில்லை. உளுந்து ஊறப்போட்டு, மரக்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. ஓட்டத்தைக் கண்டு பயந்து வந்தவர்கள் என் ஓட்டத்துக்கு வழியை அடைத்துவிட்டார்கள். சிரிக்கிறாயா?

நான் போகமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது அக்கா. சந்தியில் சாந்தி நிற்பாள். அவளுடைய அண்ணன் கை மணிக்கூட்டைப் பார்ப்பார். பிறகு கிளம்பிவிடுவார்கள். நான் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நிற்பேன். ஐயர் உன் பெயரைச் சொல்லுவார். அந்த நேரம் ஆயிரம் பேர் உன் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் நீ யார் என்று தெரியாது. நான் மட்டும் அங்கே இருக்கமாட்டேன். அடுத்த வருஷம் என்று யாராவது சொல்லலாம். அடுத்த வருஷம் மட்டும் இந்தக் கேட்டை யார் திறந்துவிடப் போகிறார்கள்?

மத்தியானம் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை வாய் திறந்தேன். அவர் உன் படத்தை மடியில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "என்ன பிள்ளை?" என்றார். "தேத்தண்ணி வேணுமோ அப்பா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே ஒரு காரியம் மட்டும் செய்திருக்கிறேன். அம்மா உன் சாமானைக் கட்டிலில் அடுக்கிவைத்திருந்தபோது, சப்பாத்துப் பெட்டியைத் திறந்து உன் சப்பாத்தை எடுத்துவிட்டேன். பெட்டி இலேசாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று என் பள்ளிக்கூடச் சப்பாத்தை உள்ளே வைத்து மூடினேன். சாயந்தரம் அம்மா எல்லாவற்றையும் குசினிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். பெட்டியைத் திறக்கவில்லை.

உன் சப்பாத்து இப்போது என் காலில் இருக்கிறது. போர்வைக்குள் கிடந்து, டார்ச் லைட் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எனக்கு அது பெரிது. முன்னால் பஞ்சு அடைத்திருக்கிறேன். உள்ளே உன் பெருவிரல் பதிந்த குழி இருக்கிறது, அதில் என் விரல் நிற்கிறது. அடியில் தண்ணீர்மலைச் சேறு இன்னும் காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது. அந்த மழை நாளின் சேறு. நான் அதைத் தட்டவில்லை. கயிற்றை நீ கட்டுவதுபோல இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறேன். எங்கேயும் போகமுடியாதவளுக்கு எதற்கு இரட்டை முடிச்சு?

உன் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. மெத்தையைக்கூட வெயிலில் போட்டுச் சுருட்டி வைத்துவிட்டார்கள். திரும்பிப் படுத்தால் பலகை தெரிகிறது. அதனால் சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழை பெய்கிறது அக்கா. இப்போதுதான் தொடங்கியது, தகரத்தில் கேட்கிறது. அம்மா இந்நேரம் வாசலைப் பார்த்திருப்பார்.

குசினியில் பேச்சு நின்றுவிட்டது. படுக்கப் போகிறார்களோ? மாமியும் போய்விட்டால், பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் போடாமல் இருந்தால், சாந்தி மழையிலும் எனக்காகக் கொஞ்சம்

காலடி இந்தப் பக்கம் வருகிறது.

கதவைத் தட்டுகிறார். அம்மாதான்.

"பிள்ளை, நித்திரையே? உன்ர பள்ளிக்கூடச் சப்பாத்து ஏன் அக்காட பெட்டிக்குள்ள கிடக்குது?"

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அழுகிற குரல். அப்பாவும் எழுந்துவிட்டார், அவர் இருமுவது கேட்கிறது.

அக்கா, பாலத்துக்கு வருவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. இதைக் கழற்றமாட்டேன். அது மட்டும் சத்தியம். அவர்களாக இழுத்துக் கழற்றினால் ஒழிய நானாகக் கழற்றமாட்டேன்.

திரும்பவும் தட்டுகிறார்.

உன் தங்கச்சி