இரண்டாம் பந்தி

என் செல்லத் தங்கை ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. போலாரம் வீட்டில் எல்லோரும் சுகம். ஃபேக்டரிச் செய்தி ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும்.

கேன்டீனில் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான் சாப்பாடு என்ற அறிவிப்பு நினைவிருக்கிறதா? காண்ட்ராக்டில் மண் சுமக்கிற எல்லம்மாவும் அவள் கூட்டமும் வேப்பமரத்தடியில் பழைய சோற்றுக்கு மிளகாயைக் கடித்துக்கொள்வார்கள். கேன்டீன் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் அந்த அறிவிப்பை எழுதியவன் நான். டைப் அடித்தவள் நீ. "பழைய தாளோட பின்பக்கத்துலயே அடி, போதும்" என்றேன். நம் ஆபீஸ் வழக்கம்தானே அது.

மறுநாள் கேன்டீன் வாசலில் மாட்டியிருந்த அந்தத் தாள் காற்றில் புரண்டது. பின்பக்கத்தில், நம் பெரிய அதிகாரி வெளிநாட்டு மாநாட்டில் படித்த உரை. பசியை ஒழிக்க எல்லா நாடுகளும் ஒரே கொள்கைக்கு வர வேண்டும், இருப்பவனுக்கு ஒரு விதி இல்லாதவனுக்கு ஒரு விதி கூடாது என்று இருந்தது. வரிசையில் நின்றவர்கள் படித்துப் படித்துச் சிரித்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை.

"வேணும்னே செஞ்சியா?" என்று கத்தினேன்.

"தாளை மிச்சம் பண்ணச் சொன்னது நீங்க. உலகத்துக்கு ஒரே விதி, நம்ம கேன்டீனுக்கு மட்டும் ரெண்டு. கைக்கு அண்ணா, ஏன்?"

நீ சொன்னது சரி என்பதால்தான் கோபம் வந்தது. பத்து நாள் உன்னோடு பேசவில்லை. அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பேசினேன், இதை மட்டும் பேசவில்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது.

போன வாரம் கமிட்டியில், காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் சாப்பாடு என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். "நம்ம பங்கு குறைஞ்சிடும்" என்று என் பழைய வாதத்தையே என்னிடம் திருப்பிச் சொன்னார்கள். இழுபறிக்குப் பிறகு பாதிதான் இறங்கி வந்தார்கள். பெர்மனென்ட் ஆட்களுக்குப் பன்னிரண்டரை மணிக்குப் பந்தி. அவர்கள் எழுந்த பிறகு, ஒன்றரைக்கு மற்றவர்கள்.

இன்று ஒன்றரைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு எல்லம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நக்கோ சார், வேணாம், எல்லாம் ஆறிப்போயிருக்கும்" என்றாள்.

ஆறித்தான் போயிருந்தது. சாம்பாரில் தேடினாலும் காய் இல்லை.

எல்லோருக்கும் ஒரே பந்தி கேட்டு மனு எழுதலாம் என்று வீட்டுக்கு வந்ததும் உன் பெட்டியில் தாள் தேடினேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவிவிட்டு, உரையின் மீதிப் பக்கங்களை நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாயே! கழுதை, வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாய்.

மனுவை அதன் பின்பக்கத்திலேயே அடிக்கிறேன், ஒற்றை விரலால். ஒரே பந்தியாகும்வரை எனக்கும் ஒன்றரைதான். இது சத்தியம்.

உன்னிடம் தோற்ற அண்ணன்,
தாமஸ்