செவ்வாய்க்குப் பெயர் வைத்தவர்கள்

கணபதி, கோவை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் புவனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பட்டறையிலும் வேலைக்குக் குறைவில்லை. என் போனை நான்கு வருடமாக நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

புனேயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீ கோள்களின் பெயர்க் கதை சொன்ன வீடியோவை அம்மா காட்டினாள். மூன்று முறை பார்த்தேன். வேகமாக ஓடுகிற புதனுக்குத் தேவதூதன் பெயரையும், அழகாக மின்னுகிற வெள்ளிக்குக் காதல் தெய்வத்தின் பெயரையும் கிரேக்கர்கள் வைத்தார்கள் என்றாய். செவ்வாயின் சிவப்பைப் பார்த்து ரத்தம் நினைவுக்கு வர, போர்த் தெய்வம் ஏரிஸின் பெயரை வைத்தார்களாம். ரோமர்கள் அவனைத் தங்கள் வழக்கப்படி மார்ஸ் என்றார்களாம். அந்த ஏரிஸை, பெற்ற தகப்பனே முகத்துக்கு நேராக வெறுத்துப் பேசினான் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாய். பிள்ளைகளுக்குக் காரணம் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

அந்தச் சிவப்பு வெறும் துருதான் என்றும் சொன்னாய். முப்பது வருடம் இரும்போடு கிடந்தவனுக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

உனக்கு நிச்சயித்த சாய்சரண், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் லாரி மோதிப் போனான். அவன் உடலை எடுக்கும் முன்பே, உறவுக்காரர்கள் நடுவில், "உன்ற செவ்வா தோசந்தான் அவனைத் தின்னுபோடுச்சு" என்றேன். துக்கத்தில் வந்த வார்த்தை என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் ஜாதகத்தில் தோஷம் என்று ஜோசியர் சொன்னதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்தவன் நான். பழி என்மேல் வராமலிருக்க உன்மேல் போட்டேன்.

நேற்று கிணத்துக்கடவு போய், அவன் அம்மா மாரியாத்தாளிடம் இதையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "லாரிக்காரன் தூங்கிப்போட்டானுங்க. அதுக்கு உங்க அம்மணி என்ன பண்ணுமுங்க?" என்றார். அப்புறம், "எம்பையனப் பத்திப் பேச எனக்கு ஆளே இல்லீங்க. அந்தப் புள்ளைய ஒருக்கா வரச் சொல்லுங்க" என்று அழுதார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் எழவில்லை. அவருக்காக வா, கண்ணு. முதலில் அந்த வீட்டுக்குப் போ. நம் வீட்டுக்கு வருவது உன் இஷ்டம். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ரயிலடிக்கு நான் வரலாமா, கூடாதா என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு.

உன் அப்பா,
அங்கப்பன்