ஒன்பதாம் நம்பர் மரமும் உன் வாசல் கதவும்

மெக்கோம்பா,
செப்டம்பர் பத்து.

அன்பு மகள் ஒதீலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மழை நன்றாகப் பெய்கிறது, கொக்கோ காய்த்துக் கிடக்கிறது, உன் அப்பாவின் முழங்கால் மட்டும்தான் புகார் சொல்கிறது, அதுவும் தோட்ட வேலைக்குக் கூப்பிட்டால்தான். பெல்ஜியத்தில் நீயும் அப்படியே நலமாக இருக்க வேண்டும், குளிர் வரும்வரை காத்திராமல் கம்பளிச் சட்டையை இப்போதே வெளியே எடுத்து வை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். சிக்னல் கிடைக்கிற மேட்டில் எப்போதும் பத்துப் பேர் நிற்கிறார்கள். நான் சொல்லப்போவது ஊருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் உன்னிடம் சொல்லும்போது என் குரல் எப்படிப் போகும் என்பதை ஊர் கேட்க வேண்டாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொக்கோ தோட்டத்துக்குப் பின்னால் உன் வீட்டுக்கென்று வைத்திருந்த சப்பெலி மரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டோம். கொடுக்கச் சொன்னது நான், உன் அப்பா மேல் கோபப்படாதே.

நடந்தது இதுதான். கதவு ஜன்னல் செய்கிற உன் முதலாளி நம் ஊர்க் காட்டிலிருந்து பன்னிரண்டு சப்பெலி வாங்கிக்கொள்வார் என்று நீ பேசி முடித்தாய் அல்லவா, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் வேண்டும், எங்கே நின்றது என்று தாள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். காட்டுக் குழுத் தலைவர் உன் அப்பா, விடுவாரா, நாலு ஆண்களைக் கூட்டிக்கொண்டு வெயில் காலத்திலேயே போய் இந்த வருடம் வெட்டுகிற பகுதி முழுக்க அளந்து, சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டுவிட்டு வந்தார். ஒரு வாரம் ராஜநடைதான். ஆகஸ்டில் நான் குழம்புக்குப் புழு பொறுக்குகிற கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போகிறேன், என் மரத்தின் மேல் முழ உயரத்துக்கு ஒன்பது என்று எழுதியிருக்கிறது. உன்னை முதுகில் கட்டிக்கொண்டு போன காலத்திலிருந்து வருடா வருடம் அடியில் புல்லைச் செதுக்கி, இலை முடிச்சுக் கட்டி, இது ஜெர்மேனின் புழுமரம் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரிகிற மரம். மேலே புழு தின்கிற சத்தமும் எச்சம் சருகில் விழுகிற சத்தமும் தூறல் மாதிரி கேட்கிறது, நான் ஒன்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால் உன் அப்பா, "மரத்துல உன் பேரு எழுதலையே ஜெர்மேன், எனக்கு எப்படித் தெரியும்" என்கிறார். இருபத்தாறு வருடமாக அந்த மரத்துப் புழுவைக் கடலை அரைத்த குழம்பில் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்ட மனுஷர், மரத்தை முகம் பார்த்ததில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, இங்கே எந்த ஆண் புழு பொறுக்கப் போயிருக்கிறான், எல்லோருக்கும் சட்டியோடுதான் பழக்கம். அளக்கப் போனதும் புழு இல்லாத மாதத்தில், என் முடிச்சு உலர்ந்து உதிர்ந்து போயிருந்தது. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவருக்காவது வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றவில்லை பார். கூட்டம் போட்டார்கள். ஒருவர் எழுந்து, "புழுவுக்கு என்னம்மா, வேற மரத்துக்குப் போயிடும்" என்றார். நான் சொன்னேன், "உங்க வீட்டைப் பிடுங்கிட்டு வேற வீட்டுக்குப் போன்னு சொன்னா போயிடுவீங்களா அண்ணே? ஓடைக்கரையில இருக்கிற கன்னு அத்தனையும் அந்த மரம் போட்ட விதை. அதை வெட்டிட்டு உங்க பேரன் எதை அளப்பான்?" பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மறுநாள் ரம்பக்காரர் மார்சலின் வந்தபோது நாங்கள் பதினொரு பேர் கூடையோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் பாவம், "எனக்கு மரத்தோடதான் வேலை தாயி, உங்களோட சண்டை போடக் கூலி பேசல" என்று ரம்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, வாழைக்காய் சுட்டது இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மரம் தப்பியது, ஆனால் பன்னிரண்டு பதினொன்றாகிவிட்டதே. "குறையுதுன்னு எழுதிடலாம், கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார் உன் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை தூரத்தில், அத்தனை வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் ஒருத்தியாக நின்று, எங்கள் ஊர் சொன்னால் சொன்னதுதான் என்று நீ வாய் திறந்து சொல்லியிருக்கிறாய். அந்தப் பகுதியில் வெட்டுகிற அளவுக்குப் பருத்து, நம்பர் போடாமல் நின்றது ஒன்றே ஒன்று. நீ பிறந்த அன்றைக்கு உன் அப்பா போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, இவள் வீட்டு வாசல் கதவும் கூரையும் இதில்தான் என்று சொன்ன மரம், அளக்கும்போது தெரிந்தே தாண்டிப் போன மரம். நான் அதன் பேரை எடுத்ததும் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் நான் எழுப்புவதற்குள் சாய டப்பாவை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வன அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அளந்து, தாளில் ஒன்பதை அடித்துப் பதின்மூன்று எழுதி முத்திரை வைத்த பிறகுதான் ரம்பம் ஓடியது. கொக்கோவில் ஆறு செடிதான் முறிந்தது, மார்சலின் அவ்வளவு பார்த்துச் சாய்த்தார். உன் அப்பா திரும்பி நின்றுகொண்டார். நான் அழுதேன் ஒதீல், மறைக்க மாட்டேன். ஆனால் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

அதிலிருந்து பத்தாம் நாள் ஒன்பதாம் நம்பர் மரத்திலிருந்து புழு இறங்கியது. எனக்கு மட்டும் நாலு கூடை. உன் அப்பாவே சுமக்க வந்தார், கூடவந்த பெண்கள், "தலைவரே, இதுதான் உங்க சம்சாரத்து மரம், கும்பிட்டு வணக்கம் சொல்லுங்க" என்று கேலி செய்ய, மனுஷர் நிஜமாகவே தொப்பியைக் கழற்றினார். இனிமேல் அளக்கப் போகிற குழுவில் இரண்டு பெண்கள், முதலில் பெண்களைக் கேட்டுவிட்டுத்தான் சாயம் என்று குழுவில் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த வருடம் அளவு நாடாவைப் பிடிக்கப்போவது உன் அம்மாதான். வெட்டிய அடிமரத்தைச் சுற்றி ஒன்பதாம் நம்பரின் கன்றுகள் நாலு நட்டிருக்கிறேன், ஆடு மேயாமல் முள் வைத்திருக்கிறேன்.

தாளில் ஒன்பது ஏன் இல்லை என்று உன் முதலாளி கேட்டால் இதையெல்லாம் அப்படியே சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே படிக்கப் புறப்படுகிற உன் சித்தப்பா மகன் பெர்த்தானிடம் இந்தக் கடிதத்தோடு உலர்த்திய புழு ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன், ஒன்பதாம் நம்பர் மரத்தினுடையது, வெந்நீரில் ஊறவைத்துச் சமை. என் மேல் கோபம் இருந்தால் எழுது, ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுது. கடவுள் உன் கைகளையும் கண்களையும் அந்த இயந்திரங்களுக்கு நடுவில் காக்கட்டும், நீ நின்று பேசுகிற இடத்தில் உன் சொல் நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பதின்மூன்று என்று எழுதிய கட்டை அங்கே வந்து இறங்கும்போது, அதில் யார் வீட்டுக் கதவு ஆனாலும் ஆகட்டும், முதலாளியிடம் கேட்டு முதல் அறுப்பை நீ அறு. உனக்காகக் காத்திருந்த மரம், வேறு கை முதலில் படவேண்டாம்.

உன் அம்மா
ஜெர்மேன்

உன் அப்பாவைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டேன், நாலு கன்றுக்கும் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறார், இந்த மழையில்.