பதினான்காவது ரேக்குக்குப் பின்னால்

மார்ச் 3

போட்டி என்ற பெயரில் இந்த கேம் கம்பெனி எங்களிடம் ஓசியில் வேலை வாங்குகிறது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்ய வேண்டிய மேப்பை, நாலாயிரம் பேர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து சும்மா செய்து கொடுக்கிறோம். விதிமுறையில் ஒன்பதாவது பத்தி: அனுப்பிய மேப் அவர்களுடையது, தோற்றாலும். அதைப் படித்துவிட்டு 'சம்மதம்' கட்டத்தில் டிக் போட்டவனும் நான்தான்.

வேறு வழி? முதல் பரிசு வேலை. மேப் வடிவமைக்கும் பிரிவில் ஒரு வருடம். என்னைப் போன்றவனை அந்த வாசலுக்குள் விட அவர்களிடம் வேறு கதவு கிடையாது.

மார்ச் 9

எல்லோரும் இடிந்த நகரம் செய்கிறார்கள். நானும் செய்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அழித்துவிட்டேன்.

துப்பாக்கிச் சண்டை ஆட்டம்: ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர், நடுவில் ஓர் இடம். அந்த இடம்தான் மேப். எங்கே ஓடலாம், எங்கே பதுங்கலாம், எங்கிருந்து பார்த்தால் எது தெரியும் - இவ்வளவுதான் வித்தை. கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற அளவுக்கு எனக்குத் தெரிந்த இடம் எது?

கிடங்கு. இரண்டு வருடமாக மதியம் ஒன்றிலிருந்து ஒன்பது வரை அதற்குள்தானே நடக்கிறேன்.

மார்ச் 16

ரேக்குக்கு ரேக் பதினோரு அடி. லாரியில் சரக்கு ஏற்றும் வாசல் ஆறு. பேக்கிங் மேசை பன்னிரண்டு. வேலை நேரத்தில் எண்ணிக்கொண்டே நடந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் - சேர்ந்த முதல் நாளே தூணில் இடித்ததால் அவன் பெயர் முட்டு - வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "என்னடா அளந்து அளந்து நடக்குற? இடத்த வாங்கப் போறியா?"

"வாங்கிட்டா உன்னத்தான் மொதல்ல வெளிய அனுப்புவேன்."

"அனுப்புடா சாமி. புண்ணியமாப் போகும்."

மார்ச் 21

அக்கா இன்று காலை வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, மதியம் என்னோடு பஸ் ஏறினாள். ஐந்தாம் மாதம். கிடங்கில் அவளோடு பேக்கிங் மேசையில் இருக்கிற பெண்களுக்கு மட்டும் தெரியும். ஒப்பந்தம் மாதாமாதம் புதுப்பிக்கிறார்கள். வயிறு தெரிந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். போன வருடம் இரண்டு பேருக்கு அப்படித்தான் ஆனது. அதனால் பெரிய அளவு யூனிஃபார்ம் கேட்டு வாங்கி, தொளதொளவென்று போட்டுக்கொள்கிறாள்.

அங்கே உட்கார அனுமதி இல்லை. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். பதினான்காவது ரேக்குக்குப் பின்னால் ஒரு தூண் கேமராவை மறைக்கிறது. அங்கே உடைந்த மரப்பலகைகளை அடுக்கியிருக்கிறார்கள். நான்கு மணிக்குப் பத்து நிமிடம், ஏழு மணிக்குப் பத்து நிமிடம் அக்கா அதில் உட்காருவாள். மற்ற பெண்கள் அவள் பெட்டிகளையும் சேர்த்து ஒட்டுவார்கள்.

மார்ச் 29

மேப் முடிந்தது. அந்த மூலையையும் வைத்தேன், தூண், பலகை எல்லாம் அப்படியே. நாலாபக்கமும் சுடுகிற இடத்தில் மூச்சு விட ஒரு மூலை இருந்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும். நான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான்.

ஏப்ரல் 2

இறுதிச் சுற்றுக்கு நூறு ஓட்டு வேண்டும். எனக்கு முப்பத்தொன்று. ஏழாம் தேதி கடைசி நாள்.

ஏப்ரல் 5

நாற்பத்து நான்கு. பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கிறது.

கிடங்கு ஆட்கள் இருக்கிற குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிட்டேன். 'நம்ம கிடங்குதான், விளையாடிப் பாருங்க, ஓட்டுப் போடுங்க.' அந்த குரூப்பில் இன்சார்ஜும் இருக்கிறார். நாள் முழுக்க கேமரா திரை முன்னாலேயே இருப்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் டிவி. அவர் இருப்பது எனக்குத் தெரியும். ஓட்டுதானே, யார் போட்டால் என்ன என்று நினைத்தேன்.

ஏப்ரல் 6

நூற்றுப் பதினெட்டு.

குரூப் முழுக்க இதே பேச்சு. லோடு ஏற்றுகிற ஒருவன் எழுதினான்: 'பதினாலுக்குப் பின்னாடி உக்காந்தா ஒருத்தனும் சுட முடியல மச்சி.' அதற்குக் கீழே இன்னொருவன்: 'நிஜத்துலயும் அங்கதான உக்கார்றாங்க.' நாற்பது பேர் சிரித்து வைத்திருந்தார்கள்.

டிவி ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

ஏப்ரல் 8

வேலைக்குப் போனபோது பதினான்காவது ரேக் பக்கம் ஏணி நின்றது. எலக்ட்ரீஷியன் தூணில் துளை போட்டுக்கொண்டிருந்தார். பேக்கிங் மேசையிலிருந்து அக்கா ஏணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 10

அக்கா நேற்று நின்றாள். நான்கு மணிக்கும் நின்றாள், ஏழு மணிக்கும் நின்றாள். இன்று ஐந்து மணிக்கு முடியாமல் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிவி கூப்பிட்டு அனுப்பினார். புதுக் கேமராவில் பதிவானதையும் போட்டுக் காட்டினாராம் - எட்டாம் தேதி, எலக்ட்ரீஷியன் போன அரை மணி நேரத்தில், கேமராவுக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை என்று நினைத்துப் பலகையில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தன மாசம்மா?" என்று கேட்டாராம். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், இந்த மாசத்தோட வீட்ல ஓய்வு எடு."

ஏப்ரல் 11

காலை. அடுப்பங்கரை. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கம்பெனிக்காரன் ஓசில வேல வாங்குறான், ஓசில வேல வாங்குறான்னு திட்டுவல்ல. நீ என்ன பண்ணுன? எங்க எடத்த எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அக்கா, நான் வேணும்னு-"

"வேணும்னுதான் பண்ணுன. ஓட்டு வேணும்னு பண்ணுன."

மாமா பஸ் ஓட்டப் போக சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "விடு. அவனும் சின்னப் பையன்தான."

"இருபத்துநாலு வயசு. என்ன சின்னப் பையன்?"

மாமா பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன மயிருக்கு அந்த லிங்க்கைப் போட்டேன். நாற்பத்து நாலு ஓட்டோடு தோத்துத் தொலைஞ்சிருந்தா என்ன.

ஏப்ரல் 13

கம்பெனியிலிருந்து மெயில். கடைசிப் பத்தில் என் மேப் இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம் கேட்கிறார்கள்: பதினான்காவது ரேக்குக்குப் பின்னால் ஒரு ஆள் அடிபடாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது, மற்ற ஆட்டக்காரர்கள் புகார் செய்கிறார்கள், மூன்று நாளில் அந்த இடத்தைத் திறந்துவிட வேண்டும்.

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 14

செய்ய மாட்டேன்.

ஏப்ரல் 16

செய்தேன். தூணை எடுத்தேன், சுவரில் ஓர் ஓட்டை வைத்தேன். பதினோரு நிமிட வேலை. வேலை கிடைத்தால் அக்கா இனி எங்கேயும் போய் நிற்க வேண்டியதில்லை, வீட்டை நானே பார்த்துக்கொள்வேன் - இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதி, ஜெயிக்க ஆசை.

ஏப்ரல் 30

அக்காவுக்குக் கடைசி நாள். மேசைப் பெண்கள் வாசல் வரை வந்தார்கள். என்னோடு யாரும் பேசவில்லை. முட்டு மட்டும் பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தான். ஒரு நக்கல்கூட அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மே 7

ஜெயித்துவிட்டேன். முதல் இடம்.

மெயிலில் மூன்றாவது வரி: 'பரிசாக அறிவிக்கப்பட்ட பணியிடம் இந்த ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.' அதற்குப் பதிலாக, விளையாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் மின்னும்.

அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சாப்பிட்டுட்டுப் போ, நேரமாகுது" என்றாள்.

மே 12

நேற்று இரண்டு லட்சம் பேர் எங்கள் கிடங்கில் சுட்டுக்கொண்டார்களாம்.

மே 15

மேசைப் பெண்களில் ஒருத்திக்கு இன்று கால் இழுத்துக்கொண்டது. அவளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நின்றபடியே டேப் ஒட்டினாள். நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்சார்ஜ் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"சார், பேக்கிங் மேசைகிட்ட சேர் போடுங்க."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வேணாம் சார். ஒண்ணு போடுங்க. மாத்தி மாத்தி உக்காந்துக்குவாங்க."

அவர் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினார். என் வரிசை. கீழே வைத்த பெட்டி அப்படியே கிடந்தது. அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார்.

நான் நகரவில்லை.

"சேர் போடுங்க சார்."